பழைய புல்லட்டுக்குச் சாமான் வாங்குவது: புதுப்பேட்டையா, கம்பெனியா, லேத் பட்டறையா?

ஸ்பேர் கடையில் போய் நின்றால் முதலில் வரும் கேள்வி, "எந்த வருஷ வண்டி சார்?" என்பதுதான். காஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு எஞ்சின்) புல்லட் 350 வைத்திருப்பவர் ஆர்.சி. புத்தகத்தை நினைவில் வைத்து "78" என்பார். கடைக்காரர் உள்ளே போய் ஒரு பெட்டியை எடுத்து வருவார். பட்டறைக்குக் கொண்டுவந்து பூட்டிப் பார்த்தால் பாதிச் சாமான் உட்காராது. கடைக்காரர் மேல் பெரிய தப்பு இல்லை. இந்த வண்டிக்கு வருஷத்தை மட்டும் கேட்டுச் சாமான் கொடுக்கவே முடியாது.

காரணம் வண்டியின் கதையிலேயே இருக்கிறது. புல்லட் இங்கிலாந்தின் ரெடிச் ஊரில், ராயல் என்ஃபீல்டு கம்பெனியில் பிறந்தது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் அவர்களோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. முதலில் சாமான்கள் அங்கிருந்து வந்து இங்கே பூட்டப்பட்டன. அப்புறம் அச்சுகளும் கருவிகளும் வந்து, திருவொற்றியூரிலேயே எல்லாம் தயாராகத் தொடங்கியது. ரெடிச் ஆலையை 1967-இல் மூடிவிட்டார்கள். திருவொற்றியூரில் அதே வண்டி தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. 1994-இல் ஐஷர் குழுமத்தின் கைக்கு வந்த பிறகும், 2010 வாக்கில் காஸ்ட் அயர்ன் எஞ்சின் நிறுத்தப்படும் வரை, தூரத்தில் இருந்து பார்ப்பவருக்கு ஒரே வண்டிதான். உள்ளே மட்டும் ஓசைப்படாமல் மாறிக்கொண்டே இருந்தது. 6 வோல்ட் 12 வோல்ட் ஆனது. பிக் எண்டில், அதாவது பிஸ்டன் ராடு கிராங்கோடு சேரும் இடத்தில், புஷ் போய் ரோலர் வந்தது. நாலு கியர் அஞ்சு கியர் ஆனது. கார்புரேட்டர், பிரேக், சில இடங்களில் மரைகூட மாறியது.

இதற்கு மேல் மனிதர்கள் செய்த மாற்றம். நாற்பது வருஷத்தில் எத்தனையோ மெக்கானிக் கை பட்டிருக்கும். அன்றைக்குக் கையில் கிடைத்ததை மாட்டி வண்டியை ஓட வைத்திருப்பார்கள். ஆர்.சி.யில் இருக்கும் வருஷம் சேசிஸுக்கும் கிராங்க் கேஸுக்கும் (எஞ்சினின் அடிக்கூட்டுக்கும்) பொருந்தலாம். முன் சக்கரம் எந்த வருஷம், கியர் பாக்ஸ் எந்த வருஷம் என்பது அளந்து பார்த்தால்தான் தெரியும்.

சாமான் வாங்க வழி பல இருக்கிறது. இருக்கிற பழசையே லேத்தில் கொடுத்துச் சரி செய்யலாம். சென்னை புதுப்பேட்டையின் பழைய சாமான் கடைகளில் கழற்றிய சாமானைத் தேடலாம். கம்பெனி பெட்டியில் புதுசு வாங்கலாம். வெளியே தயாராகும் மாற்றுச் சாமானை வாங்கலாம். இங்கிலாந்தில் இருந்து வரவழைக்கலாம். பிந்தைய மாடலின் சாமானை ஏற்றலாம். "எது நல்லது?" என்று ஒட்டுமொத்தமாகக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது, அந்தப் பாகம் எதோடு சேர்ந்து ஓடுகிறது என்று முதலில் பாருங்கள் என்பதுதான். அதைப் பொறுத்து ஒரே வண்டியில் பாகத்துக்குப் பாகம் வழி மாறும். எல்லாம் கம்பெனி சாமான்தான் என்று நிற்பவரும், எல்லாம் புதுப்பேட்டையிலேயே முடித்துவிடலாம் என்பவரும் கடைசியில் ஒரே அளவு பணத்தைத்தான் விடுகிறார்கள்.

ஒரே 346 சிசி, மூன்று எஞ்சின்

புல்லட்டில் அதிகம் பேர் ஏமாறும் இடம் இது. காஸ்ட் அயர்ன் 350-இன் போர் (பேரலின் உள் விட்டம்) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90 மி.மீ., மொத்தம் 346 சிசி. 2000-ஐ ஒட்டி வந்த ஏவிஎல் என்ற புது வகை எஞ்சினும் அதே 70, அதே 90. எஞ்சினையும் கியர் பாக்ஸையும் ஒரே கூட்டுக்குள் வைத்து 2009-இல் வந்த யுசிஇ 350-உம் அதே அளவுதான். மூன்று பிஸ்டன் பெட்டியிலும் "350" என்றே இருக்கும். பிஸ்டனைக் கையில் எடுத்து பேரலுக்குள் (சிலிண்டருக்குள்) விட்டால் வழுக்கிக்கொண்டு போகும். "அண்ணே, 350-க்கு எல்லாம் ஒண்ணுதாண்ணே" என்று கடைப் பையன் சொன்னால் நம்பத்தான் தோன்றும்.

ஆனால் போரும் ஸ்ட்ரோக்கும் ஒன்றாக இருப்பதால் பிஸ்டன் ஒன்றாகிவிடாது. பிஸ்டனை ராடோடு கோக்கும் 'பின்' (pin) நுழையும் துளையின் விட்டம், அந்தத் துளையின் மையத்தில் இருந்து பிஸ்டன் தலை வரை உள்ள உயரம், தலையின் வடிவம், ரிங் பள்ளத்தின் அகலம் என்று நாலையும் பார்க்க வேண்டும். உயரம் இரண்டு மி.மீ. கூடினால் வால்வில் இடிக்கும். குறைந்தால் கம்ப்ரஷன் போய்விடும். பழைய பிஸ்டன் உடைந்திருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். கடைக்குப் போகும்போது அதையும் ஒரு வெர்னியரையும் எடுத்துப் போனால் வாக்குவாதமே வராது. இப்போது வரும் புது 350-ஐப் பற்றிக் கவலையே வேண்டாம். அது 72-க்கு 85.8, பெயரைத் தவிர ஒட்டும் உறவும் கிடையாது.

ஜோடி பிரியக் கூடாதவை

எஞ்சினுக்குள் சில பாகங்களைத் தனித்தனிப் பாகம் என்று நினைக்கக் கூடாது. கிராங்க் கேஸின் இரண்டு பாதிகளும் சேர்த்து வைத்துத் துளையிடப்பட்டவை. ஒரு பாதி உடைந்திருக்கிறது, புதுப்பேட்டையில் அந்தப் பக்கம் மட்டும் கிடைக்கிறது என்றால் ஆசைப்பட வேண்டாம். போல்ட் எல்லாம் ஏறும், கிராங்க் சுற்றும், பார்வைக்கு எல்லாம் சரி. இரண்டு பக்க பேரிங்கின் மையமும் ஒரே கோட்டில் இல்லாததால் சூடேறிய பிறகுதான் வேலையைக் காட்டும். ஹெட்டுக்கு மேலே ராக்கர் (வால்வை அழுத்தித் திறக்கும் கை) ஆடும் பேரிங் கட்டைகளும் அப்படித்தான். மேல் பாதியும் கீழ்ப் பாதியும் ஒரு ஜோடி. இன்லெட் பக்கத்து மூடியை எக்ஸாஸ்ட் பக்கம் மாற்றிப் போட்டாலே ராக்கர் இறுகும். கழற்றும்போது குறி போட்டு வைக்காத மெக்கானிக்கிடம் இருந்து வந்த எஞ்சினில் இதை முதலில் சோதிப்பது நல்லது.

ஆயில் பம்ப்பும் அந்தச் சாதி. ஆயிலை அனுப்ப ஒன்று, திரும்ப இழுக்க ஒன்று என இரண்டு இருக்கின்றன. வட்டத் தகடும் அது உட்காரும் பரப்பும் ஒன்றோடு ஒன்று தேய்த்துச் சமம் செய்யப்பட்டவை. புதுத் தகட்டைப் பழைய இடத்தில் போட்டால், நைசான பேஸ்ட் வைத்துத் தேய்த்து உட்கார வைத்தால்தான் ஆயில் கசியாமல் ஏறும். இதற்கு கம்பெனியா டூப்ளிகேட்டா என்று கேட்பதே அனாவசியம். எதை வாங்கினாலும் இந்த வேலை பாக்கி இருக்கிறது. பம்ப்பை ஓட்டும் வார்ம் என்ற திருகுப் பல், கிராங்க் முனையில் இடது மரையில் ஏறியிருக்கும். தெரியாமல் வழக்கமான பக்கம் பலம் கொடுத்து முனையையே முறித்த எஞ்சின்கள் நிறைய. வாங்கப் போகும் பழைய கிராங்கில் அந்த முனையைக் கண்டிப்பாகப் பாருங்கள்.

பிக் எண்டுக்கு இரண்டு காலம் உண்டு. பழைய வண்டியில் மிதக்கும் புஷ், பிந்தையதில் ரோலர். புஷ் இருந்த ராடில் ரோலரை மட்டும் திணிக்க முடியாது. ராடு, பின், ரோலர் எல்லாம் சேர்ந்த கிட்டாகத்தான் மாற்ற வேண்டும். தினமும் ஓட்டும் வண்டி என்றால் ரோலர் கிட்டுக்குப் போய்விடலாம் என்பது என் கட்சி. கிட் எந்தக் கம்பெனி என்பதைவிட, யார் அதை அழுத்திப் பூட்டி டயல் கேஜில் கோணாமல் சுற்றுகிறதா என்று பார்த்துக் கொடுக்கிறார் என்பது முக்கியம். நல்ல கிராங்க் லேத் ஒன்று உங்கள் ஊரில் இல்லையென்றால் பார்சல் கட்டி அனுப்பிவிடுங்கள். பக்கத்தில் இருக்கிறார் என்பதற்காக யாரிடமாவது கொடுக்க வேண்டாம்.

ஆக, ஜோடிப் பாகங்களில் என் வரிசை இதுதான்: முதலில் இருப்பதைச் சரி செய்வது, முடியாவிட்டால் ஒரே எஞ்சினில் இருந்து கழற்றிய முழு ஜோடி, ஒற்றைப் பாதி எப்போதும் வேண்டாம்.

பிஸ்டன் முதலில், போர் அப்புறம்

பேரல் தேய்ந்திருந்தால் ரீபோர் செய்து, அதாவது உள்ளே கடைந்து பெரிதாக்கி, பெரிய பிஸ்டன் போடுவது வழக்கம். சைஸை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சொல்வார்கள்: இருபது சைஸ், முப்பது சைஸ், நாற்பது, அறுபது. அறுபது சைஸ் என்றால் ஏறக்குறைய 1.5 மி.மீ. கூடுதல். போர் 71.5 மி.மீ. ஆகி, ஆர்.சி.யில் 346 என்று இருக்கும் வண்டி உள்ளுக்குள் 361 சிசி ஆகியிருக்கும். போலீஸ்காரர் யாரும் இதுவரை அளந்து பார்த்ததாகக் கேள்விப்படவில்லை.

இங்கே நிறையப் பேர் செய்யும் காரியம், பேரலை லேத்தில் கொடுத்து "நாற்பது அடிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு அப்புறம் பிஸ்டன் தேடுவது. தலைகீழாகச் செய்ய வேண்டும். பிஸ்டனை வாங்கிக் கையில் வைத்து, மைக்ரோமீட்டரில் அதன் அடிப்பாகத்தை அளந்து, அதைத் தயாரித்தவர் எவ்வளவு இடைவெளி கேட்கிறாரோ அதைக் கூட்டித்தான் போர் செய்ய வேண்டும். இரண்டு தயாரிப்பின் "நாற்பது சைஸ்" பிஸ்டன்கள் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. அலுமினியக் கலவை மாறினால் சூட்டில் விரிவதும் மாறும். இறுக்கமாக விட்ட பிஸ்டன் வெயிலில் தாம்பரம் தாண்டுவதற்குள் பிடித்துக்கொள்ளும்.

கம்பெனி பிஸ்டனா, வெளித் தயாரிப்பா? பிஸ்டனிலும் ரிங்கிலும் பெயர் போட்ட தயாரிப்பாளர்களின் சரக்கு வாங்குவதில் எனக்குத் தயக்கம் இல்லை. பெட்டியில் பெயரே இல்லாததை, அல்லது தெரிந்த பெயரில் ஓர் எழுத்து மட்டும் மாறியிருப்பதை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க மாட்டேன். அறுபதும் தாண்டித் தேய்ந்த பேரல் என்றால் இன்னொரு பேரலைத் தேடி அலைவதைவிட, இருப்பதற்கு ஸ்லீவ் (உள்ளே இறுக்கி இறக்கும் புதுக் குழாய்) போட்டு மறுபடி ஸ்டாண்டர்டுக்குக் கொண்டுவருவது மேல். காஸ்ட் அயர்ன் பேரல் ஸ்லீவுக்கு நன்றாக இடம் கொடுக்கும். அப்புறம் எந்தக் கடையிலும் ஸ்டாண்டர்டு பிஸ்டன் வாங்கிக்கொள்ளலாம்.

மரை

பிஸ்டனைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள், மரையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் ஒரு பழைய புல்லட்டை அதிகம் கெடுத்திருப்பது தப்பான நட்டும் போல்ட்டும்தான்.

பழைய புல்லட்டில் பிரிட்டிஷ் மரைகள். அதிலும் நிறைய இடத்தில் சைக்கிள் மரை என்ற வகை: அங்குலத்துக்கு 26 பல். இப்போது ஹார்டுவேர் கடையில் கிடைப்பதெல்லாம் மெட்ரிக். 8 மி.மீ. சாதாரண போல்ட்டின் பல் 1.25 மி.மீ. தள்ளித் தள்ளி இருப்பதால் அது பழைய மரையில் ஏறாது. ஏறாததால் ஆபத்தும் இல்லை. ஆபத்து 8 மி.மீ. நைஸ் மரை போல்ட்டில் இருக்கிறது. அதன் பல் இடைவெளி 1 மி.மீ. கால் அங்குலத்துக்கு அடுத்த சைஸான 5/16 சைக்கிள் மரை போல்ட்டின் விட்டம் 7.94 மி.மீ., பல் இடைவெளி 0.977 மி.மீ. விட்டத்தில் ஒரு தாளின் தடிமனுக்கும் கீழேதான் வித்தியாசம். நட்டு விரலாலேயே இரண்டு மூன்று சுற்று ஏறும். "கொஞ்சம் டைட்டா இருக்கு, அவ்வளவுதான்" என்று ஸ்பேனரைப் போட்டால் பத்தாவது பல்லுக்குள் கால் மில்லிமீட்டர் நெருங்கத் தள்ளிப் போயிருக்கும். அந்தக் கால் மில்லிமீட்டரை அலுமினிய கேஸின் மரைதான் கொடுக்கும். அடுத்த முறை கழற்றும்போது போல்ட்டோடு சேர்ந்து வெள்ளைச் சுருளாக மரையும் வெளியே வரும்.

எனவே 20, 22, 26 பல் இருக்கும் ஒரு மரை கேஜ் வாங்குங்கள். விலை அதிகம் இல்லை. ஒவ்வொரு ஸ்டட்டிலும் வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் பத்து நொடியில் தெரிந்துவிடும். ஒரே கேஸில் மூன்று வகை மரை இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். ஒன்று ஆலை போட்டது, மற்றதெல்லாம் பட்டறை போட்டது. கெட்டுப்போன துளைக்குப் பெரிய போல்ட்டாக மரை வெட்டிவிடுவது நம் ஊர் பழக்கம். அதைவிட இன்சர்ட் (துளைக்குள் வைக்கும் புது மரை) போட்டு ஆலை அளவுக்கே திருப்புவது நல்லது. அடுத்து வாங்கும் கவரும் ஸ்டட்டும் அந்த அளவை நம்பித்தான் செய்யப்பட்டிருக்கும்.

நட்டும் போல்ட்டும் மட்டும் நான் தாராளமாகக் காசு செலவழிக்கும் இடம். சைக்கிள் மரை நட்டு உள்ளூரில் கிடைக்காவிட்டால் லேத்தில் திருப்பிக்கொள்ளலாம். இங்கிலாந்தில் பழைய என்ஃபீல்டுக்கென்றே இருக்கும் ஹிட்ச்காக்ஸ் போன்ற கடைகளில் இதெல்லாம் எண் போட்டுக் கிடைக்கிறது; ஆனால் நட்டுக்காக மட்டும் வரவழைத்தால் கப்பல் கூலியும் சுங்கமும் நட்டின் விலையைத் தாண்டிவிடும். வேறு இரண்டு மூன்று அரிய பாகங்களோடு சேர்த்துப் பட்டியல் போட்டால்தான் கட்டுப்படி ஆகும். அந்தக் கடைகள் வேறு ஒரு விதத்தில் பணம் கொடுக்காமலே உதவும்: எந்தப் பாகம் எந்த எஞ்சின் வரிசைக்கு, எது எதற்கு மாற்றாக வந்தது என்று அவர்கள் பட்டியலில் தெளிவாக இருக்கும். அதைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டு சென்னை ஜி.பி. ரோட்டிலோ டெல்லி கரோல்பாகிலோ தேடுவது புத்திசாலித்தனம்.

புல்லட் கடையில் வாங்கத் தேவையில்லாதவை

பேரிங்குக்கு புல்லட்டும் தெரியாது, டிராக்டரும் தெரியாது. அதன் மேல் வெட்டியிருக்கும் எண்தான் அதன் அடையாளம். 6305 என்றால் உள் விட்டம் 25, வெளி விட்டம் 62, அகலம் 17 மி.மீ. உலகத்தில் யார் செய்தாலும் அதுதான். புல்லட் ஸ்பேர் என்று பெட்டியில் போட்டு விற்பதை விட்டுவிட்டு, நேரே பேரிங் கடைக்குப் போய் நல்ல கம்பெனியாக வாங்குங்கள். எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சி3 என்று இருந்தால் உள்ளே இடைவெளி கொஞ்சம் கூடுதல். சூடேறும் எஞ்சினுக்கு அது காரணத்தோடுதான் போடப்பட்டிருக்கும். ஆயில் சீலும் அப்படியே: உள், வெளி, அகலம் மூன்றும் அதன் முகத்திலேயே அச்சாகியிருக்கும்.

செயினில் ஒரு சின்ன எச்சரிக்கை. 520, 525, 530 மூன்றுக்கும் பல் இடைவெளி ஒன்றே, 5/8 அங்குலம். அகலம்தான் வேறு. அகலச் செயின் ஒல்லி ஸ்பிராக்கெட்டில் அழகாகச் சுற்றும், ஆனால் பக்கவாட்டில் ஆடி ஆடிப் பல்லைத் தின்றுவிடும். முன், பின் ஸ்பிராக்கெட் இரண்டின் தடிமனையும் அளந்த பிறகு செயின் வாங்குங்கள்.

கம்பெனி பெட்டியில் பல வருஷம் தூங்கிய பழைய புது சரக்கு கிடைத்தால் எல்லோருக்கும் ஆசை வரும். உலோகப் பாகம் என்றால் எடுங்கள். துரு மட்டும் பார்த்தால் போதும். ரப்பர், கண்டென்சர், கேபிள், கார்க் என்றால் பெட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். ரப்பருக்கு அலமாரியிலும் வயதாகும். இன்னொன்று, இப்போது பங்கில் போடும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. பழைய கார்புரேட்டர் வாஷர், பெட்ரோல் குழாய், டேங்குக்குள் பூசிய பூச்சு எதுவும் இதை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல. இந்த விஷயத்தில் புது டூப்ளிகேட்கூடப் பழைய ஒரிஜினலை வெல்லும், எத்தனாலைத் தாங்கும் ரப்பர் என்று தெரிந்து வாங்கினால்.

புதுப்பேட்டைக்கு எதற்குப் போகலாம்

தகரத்துக்கும் வார்ப்புக்கும் போகலாம். புதிதாக வரும் மட்கார்டும் டேங்கும் பெரும்பாலும் மெல்லிய தகரம். விரலால் தட்டினால் சத்தத்திலேயே தெரியும். பழைய ஆலைத் தகரத்தில் பள்ளம் இருந்தாலும் ஓட்டை இல்லையென்றால், தட்டி நிமிர்த்துபவர் ஒருவர் கிடைத்தால் அதுவே மேல். ஹப், ஃபோர்க்கின் அடிக்கால், பிரைமரி கவர், ஹெட்லைட்டைப் பிடிக்கும் காஸ்கெட் (casquette; எஞ்சினில் போடும் கேஸ்கெட் அல்ல) எனப்படும் அந்தக் கண்ணுள்ள மேல்மூடி, இவையெல்லாம் பழசாகவே எடுக்கலாம்.

ஹப் வாங்கும்போது என்ன பார்ப்பது என்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். முதலில் ட்ரம் 6 அங்குலமா 7 அங்குலமா என்று அளக்க வேண்டும்; இரண்டும் புல்லட்டில் வந்திருக்கின்றன. அப்புறம் உள்ளே விரலை விட்டு விளிம்பில் படிக்கட்டு மாதிரித் தட்டுகிறதா என்று தடவிப் பார்ப்பது. தட்டினால் ட்ரம் தேய்ந்து பள்ளமாகிவிட்டது என்று பொருள். ஸ்போக் துளைகளை எண்ணி ரிம்மில் உள்ள துளைகளோடு ஒப்பிட வேண்டும். பேரிங் உட்காரும் இடத்தில் புள்ளிக் குத்து குத்தியிருக்கிறதா என்றும் பாருங்கள். பேரிங் லூசாகிச் சுற்றியதை மறைக்க அப்படிக் குத்தி இறுக்குவார்கள். கடைசியாக, உங்கள் ஆக்சிலைக் கையோடு கொண்டுபோய் நுழைத்துப் பாருங்கள். ஐந்து நிமிஷ வேலை. கடைக்காரர் முகத்தைச் சுளித்தாலும் பரவாயில்லை.

வாங்கவே கூடாதது, காகிதம் இல்லாமல் வரும் எண் வெட்டிய பாகம். எண்ணோடு இருக்கும் கிராங்க் கேஸோ சேசிஸோ எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும், காகிதம் இல்லாமல் தொடாதீர்கள். எஞ்சினை மாற்றினால் ஆர்.டி.ஓ. அனுமதி பெற்று ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. எண்ணைத் தேய்த்துவிட்டு வேறு எண் வெட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தக் கடையை விட்டே வந்துவிடுங்கள்.

புது மாடல் சாமானைப் பழசில் ஏற்றுவது

இதுதான் உண்மையில் முடிவெடுக்கக் கஷ்டமான இடம். 6 வோல்ட்டை 12 வோல்ட் ஆக்குவதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. இன்றைய ரோட்டில் பழைய மஞ்சள் வெளிச்சத்தோடு இரவில் போவது சாகசம். ஆனால் பேட்டரியும் பல்பும் மாற்றினால் போதும் என்று நினைக்கக் கூடாது. ஹாரன், இக்னிஷன் காயில், ரெக்டிஃபையர், ரெகுலேட்டர் எல்லாம் சேர்ந்து மாற வேண்டும். பேட்டரியின் எந்த முனை சேசிஸில் எர்த் ஆகியிருக்கிறது என்பதையும் வயர் வயராகப் பார்க்க வேண்டும். மாற்றிக் கொடுத்தால் ரெக்டிஃபையர் ஒரு நொடியில் போய்விடும். பிளாட்டினம் பாயிண்டை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் போடுவது வசதிதான். நான் பாயிண்டையே வைத்துக்கொள்வேன். வழியில் நின்றால் உப்புத்தாளால் தேய்த்து வீடு வந்து சேரலாம்.

அஞ்சு கியர் பாக்ஸ் காஸ்ட் அயர்ன் எஞ்சினின் பின்னால் போல்ட் ஏறி உட்காரும். அதனால்தான் "அப்படியே மாட்டலாம்" என்ற பேச்சு. மாட்டலாம். ஆனால் கியர் வலது காலில் இருந்து இடது காலுக்குப் போகும். பிரேக் பெடல் இடதில் இருந்து வலதுக்கு வர வேண்டும். அதற்காக பிரேக் ராடு, ஃபுட் ரெஸ்ட், சில நேரம் சைலன்சர் வளைவு வரை கை வைக்க வேண்டியிருக்கும். ஒரு கியர் பாக்ஸ் வாங்கப் போய் பாதி வண்டியை வாங்கி வருவீர்கள். பழைய நாலு கியர் அல்பியன் பாக்ஸை நல்ல புஷ்ஷும் ஷாஃப்ட்டும் போட்டுக் கட்டினால் அது இன்னொரு தலைமுறைக்கு ஓடும். டிஸ்க் பிரேக்கும் இதே கணக்குத்தான்: ஃபோர்க் காலில் காலிப்பர் பிடிக்கும் காது வேண்டும், ஹப் மாற வேண்டும், ஃபோர்க் குழாயின் விட்டமும் இரண்டு குழாய்க்கும் நடுவே உள்ள தூரமும் உங்கள் வண்டியின் யோக்கோடு (ஃபோர்க் குழாய்களைப் பிடிக்கும் கட்டையோடு) ஒத்துப்போக வேண்டும். மலைப் பாதையில் தினமும் ஓட்டுபவர் என்றால் செய்யட்டும். மற்றவர்கள் நல்ல லைனர் ஒட்டிய ஷூவும் ட்ரம்முக்குப் பொருந்தக் கடைந்து எடுத்த பரப்புமாக முயன்று பார்க்கலாம்.

இதில் காகித விஷயம் ஒன்றும் இருக்கிறது. முதல் பதிவில் இருந்து 50 வருஷம் தாண்டிய இருசக்கர வாகனங்களை விண்டேஜ் என்று தனியாகப் பதிவு செய்ய 2021-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்யாமல் மூல வடிவில் இருக்க வேண்டும். 78 வண்டிக்கு 2028-இல் அந்தத் தகுதி வரும். டிஸ்க் பிரேக்கும் அஞ்சு கியரும் ஏற்றிவிட்டுப் போய் நின்றால் கேள்வி வரும். ஆனால் விண்டேஜ் பதிவு பெற்ற வண்டியை அன்றாடம் ஓட்ட அனுமதி இல்லை என்பதையும் பாருங்கள். பால் வாங்கவும் வேலைக்குப் போகவும் புல்லட்டை எடுப்பவருக்கு அந்தப் பதிவால் லாபம் இல்லை. முடிவு செய்ய வேண்டியது இதைத்தான், அதையும் முதல் போல்ட்டைக் கழற்றும் முன்பே: வண்டி கண்காட்சிக்கா, ரோட்டுக்கா? கண்காட்சிக்கு என்றால் பழைய ஒரிஜினலும் லேத்தும் இங்கிலாந்துப் பட்டியலும். ரோட்டுக்கு என்றால் பெயருள்ள வெளித் தயாரிப்பும் 12 வோல்ட்டும் ரோலர் பிக் எண்டும். இரண்டிலும் ஜோடிப் பாகமும் மரையும் மாறப் போவதில்லை.

வாங்கும் வரிசையிலும் கவனம் வேண்டும். எஞ்சின் முழுக்கக் கழற்றி, அளந்து, மரை எல்லாம் பார்த்து முடிக்கும் வரை ஒரு சாமானும் வாங்காதீர்கள். அப்புறம் கிராங்க், பிஸ்டன், பேரிங். தகரமும் சக்கரமும் அதற்குப் பிறகு. எல்லாம் வந்து சேர்ந்ததும் பெயிண்டும் குரோமும் போடாத நிலையிலேயே வண்டியை ஒருமுறை முழுசாகப் பூட்டிப் பாருங்கள். டேங்க் துளை சேசிஸ் துளைக்கு நேராக வருகிறதா, பின் மட்கார்டு செயினில் உரசுகிறதா, சைலன்சர் கிளாம்ப் எட்டுகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். அரத்தை எடுத்து ராவுவதென்றால் அந்த நேரத்தில் தயங்காமல் ராவலாம். பவுடர் கோட்டிங்குக்குக் கொடுப்பதாக இருந்தால், மரையிலும் பேரிங் உட்காரும் இடத்திலும் டேப் ஒட்டி அடைத்துத்தான் கொடுக்க வேண்டும். கடைக்காரர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாமல் நீங்களே ஒட்டிக் கொடுங்கள்.